மெய்யியலில் சிறப்புப் பட்டம் முடிக்க என்ன வேணும்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஏஎல் (உயர்தரப் பரீட்சை)-இல் தமிழ், இந்து நாகரிகம், புவியியல் எடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். மெய்யியலைச் சிறப்புப் பாடமாகச் செய்ய ஆசை. "டிகிரி முடிக்க என்னென்ன வேணும்? லொஜிக் படிக்காத நான் எடுக்கலாமா? அப்பா மூன்று வருசத்தில் முடித்துக்கொண்டு வா என்கிறார்" என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பட்டத்தை முடிக்க என்ன வேணும் என்பது ஒன்று. சிறப்புப் பட்டத்துக்குள் நுழைய என்ன வேணும் என்பது மற்றது. பலர் முதலாவதையே விசாரித்துக்கொண்டிருக்க, இரண்டாவது அவர்களை அறியாமலே முதலாம் வருடத்தில் தீர்ந்துவிடும். நான் மெய்யியலில் சிறப்புக் கலைமாணி செய்தவன். இப்போது கிளிநொச்சிப் பக்கத்தில் ஏஎல் பிள்ளைகளுக்கு அளவையியல், அதாவது லொஜிக், படிப்பிக்கிறேன். என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் எங்கே தடக்கி விழுந்தார்கள் என்று வருடாவருடம் பார்த்து வந்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகமானாலும் பட்டத்தின் அளவு இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படிதான் இருக்கும். எஸ்.எல்.கியூ.எஃப். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், ஆகக் குறைந்தது 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். வருடத்துக்கு 30, ஒரு அரையாண்டுக்கு 15. ஒரு பாடஅலகு மூன்று கிரெடிட் என்றால் அரையாண்டுக்கு ஐந்து அலகுகள். அப்பா சொல்கிற மூன்று வருடத்திலும் பட்டம் கிடைக்கும், அதில் பிழை இல்லை. ஆனால் அது பொதுக் கலைமாணி. மெய்யியல் அதில் மூன்று பாடங்களில் ஒன்றாக இருக்கும். சிறப்புப் பட்டத்தில்தான் மெய்யியல் உங்கள் துறை ஆகும்.

120 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். அதை மணித்தியாலத்துக்கு மாற்றிப் பாருங்கள். சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, சோதனை, தனியே இருந்து வாசிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். விரிவுரை மட்டும் என்று பார்த்தால் கிரெடிட்டுக்குப் 15 மணித்தியாலம்தான். ஆக மூன்று கிரெடிட் அலகு ஒன்றுக்கு 150 மணித்தியாலம் வேணும், அதில் வகுப்பில் இருப்பது 45. மிச்சம் 105 மணித்தியாலத்தை யாரும் உங்களுக்கு நேரசூசியில் போட்டுத் தரமாட்டார்கள். ஐந்து அலகையும் 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 50 மணித்தியாலம் வரும். கந்தோர் வேலை செய்கிறவருக்கே அவ்வளவு இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் வன்னிப் பிள்ளை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. ஆனால் அங்கே இருப்பவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள். வன்னிக்குள் இத்தனை இருந்தும் மெய்யியல் படிக்க ஆனையிறவைத் தாண்டத்தான் வேணும். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வந்து, ஏ-9 வீதியில் ஏறி, பல்கலைக்கழகம் இருக்கிற யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போக 100 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். வீட்டிலிருந்து போய்வரலாம் என்று அம்மா சொன்னால், அந்த 105 மணித்தியாலம் பஸ்ஸில் கரைந்துவிடும் என்று சொல்லுங்கள். பஸ்ஸில் இருந்து பாட்டுக் கேட்கலாம், கான்ட் மாதிரி ஒரு மெய்யியலாளரை வாசிக்க ஏலாது. முதலாம் வருடத்தவருக்கும் இறுதி வருடத்தவருக்கும் விடுதியில் பெரும்பாலும் முன்னுரிமை இருக்கும். விண்ணப்பத்தைப் பிந்தவிடாதீர்கள். மகாபொல, பர்சரி என்கிற உதவிப்பண விண்ணப்பங்களும் அப்படித்தான்.

அடுத்தது புள்ளி. ஏ என்றால் 4.00, பி என்றால் 3.00, சி என்றால் 2.00. சித்தியடைய மொத்தச் சராசரி 2.00 வேணும். வகுப்புகளுக்குப் பொதுவாக இருக்கும் எல்லை, முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00. ஒரு அலகில் தவறி ரிப்பீட் எழுதினால் எவ்வளவு வடிவாக எழுதினாலும் சி-க்கு மேல் பதியமாட்டார்கள். அது என்ன பெரிய விசயம் என்று நினைப்பீர்கள். ஏ எடுத்திருக்கக்கூடிய மூன்று கிரெடிட் அலகு ஒன்று சி ஆனால் 120இல் உங்கள் சராசரி 0.05 இறங்கும். 3.72 இருந்த பிள்ளை 3.67க்கு வந்துவிடும். முதலாம் வகுப்புப் போய்விடும். அதோடு, வகுப்புக் கிடைக்க நான்கு வருடத்துக்குள் முடித்திருக்க வேணும் என்ற நிபந்தனையும் வழக்கமாக உண்டு. பிந்தி முடித்தால் பட்டம் வரும், வகுப்பு வராது.

வரவு 80 சதவீதம். அதற்குக் குறைந்தால் சோதனை எழுத விடமாட்டார்கள். சோதனை நேரம் காய்ச்சல் என்றால் மெடிக்கலை (மருத்துவச் சான்றிதழை) அவர்கள் ஏற்கும் வடிவத்தில், அவர்கள் சொன்ன நாளுக்குள் கொடுக்க வேணும். படுத்திருக்கிற பிள்ளைக்கு இது நினைவு வராது. அதனால் அறைத்தோழி ஒருத்தியிடம் முதலே சொல்லி வையுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேணும். பல பீடங்களில் ஆங்கிலமும் கணினியும் கட்டாயப் பாடங்கள், ஆனால் சராசரிக்குச் சேர்க்கமாட்டார்கள். சேர்க்காததால் பிள்ளைகள் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சித்தியடையாவிட்டால் பட்டம் நிற்கும் என்பது நான்காம் வருடத்தில்தான் உறைக்கும். என்னிடம் படித்த ஒருத்தி மெய்யியல் அலகுகள் எல்லாவற்றையும் நன்றாக முடித்துவிட்டு, முதலாம் வருட ஆங்கில அலகு ஒன்று மிச்சம் இருந்ததால் தன் பட்ச் பிள்ளைகளின் பட்டமளிப்பைக் கதிரையில் இருந்து பார்த்தாள்.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. சிறப்புப் பட்டத்துக்கு யாரை எடுப்பது என்பது பெரும்பாலும் முதலாம் வருடப் பெறுபேற்றில் தீரும். மெய்யியல் அலகுகளில் குறித்த தரத்துக்கு மேல் வேணும், மற்றப் பாடங்களில் தவறியிருக்கக்கூடாது, இடமும் இருக்க வேணும். எத்தனை பி, எத்தனை இடம் என்பது பட்சுக்குப் பட்ச் மாறும். நான் படித்த காலத்து எண்ணை இங்கே எழுதினால் உங்களை ஏமாற்றியதாகும். உங்கள் பட்சுக்கு வழங்கப்படும் கைந்நூலில் இருப்பதே முடிவு. சீனியர் சொன்னது, நான் சொன்னது எல்லாம் அதற்குக் கீழேதான். முதலாம் வருடத்தில் ராகிங், புது இடம், வீட்டு நினைவு என்று பாதி போய்விடும். மெய்யியல் கேட்டுக் கிடைக்காமல் போன பிள்ளைகளில் அநேகர் மெய்யியலில் பலவீனமானவர்கள் இல்லை. முதல் அரையாண்டைப் பழக்கப்படுகிற காலம் என்று விட்டவர்கள்தான்.

லொஜிக் படிக்காத விசயம். ஏஎல்-இல் அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் சுகம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். பயப்படுத்துவது குறியீட்டு அளவையியல். எழுத்துகளும் அம்புக்குறிகளும் கணிதம் மாதிரித் தெரியும். கணிதத்துக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு வந்த பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். உண்மையில் அதற்குள் இருப்பது நாங்கள் தினமும் கதைக்கிற கதைதான். நான் வகுப்பில் சொல்வது இது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் கீழே வயலுக்குள் தண்ணீர் வரும். வயலுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஆகவே வான்கதவைத் திறந்துவிட்டார்கள். சரியா? 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பிள்ளைகள் உடனே "சரி சேர்" என்பார்கள். பின்வாங்கில் இருந்து ஒரு பெடியன் "மழைத் தண்ணியாயும் இருக்கலாமே" என்பான். அவனுக்கு அளவையியல் வந்துவிட்டது. அந்தப் பிழைக்கு ஒரு பெயர் உண்டு, பிறகு படிப்பீர்கள். குறியீடு செய்வதெல்லாம் வயலையும் குளத்தையும் கழித்துவிட்டு அந்த வடிவத்தை மட்டும் காட்டுவதுதான். ஆனால் ஒன்று, இதை வாசித்துப் பாடமாக்க ஏலாது. நாளொன்றுக்கு நாலு கணக்குச் செய்கிற மாதிரிச் செய்துதான் வரும். சோதனைக்கு முதல் கிழமை தொடங்கினால் விழுவது நிச்சயம்.

உங்களுக்கு இன்னொரு பலம் இருக்கிறது, கவனித்தீர்களோ தெரியாது. இந்து நாகரிகம் படித்திருக்கிறீர்கள். சைவசித்தாந்தத்தில் அளவை, அதாவது அறிவதற்கான வழிகள், என்று படித்திருப்பீர்கள்: காட்சி, கருதல், உரை. சிவஞானசித்தியார் என்ற சைவசித்தாந்த நூல் அளவையோடுதான் தொடங்குகிறது. எதையாவது அறிந்தேன் என்று சொல்லுமுன் எதைக்கொண்டு அறிந்தாய் என்று கேட்கிறது. மலையில் புகையைக் கண்டு தீ இருக்கிறது என்று கருதுகிற பழைய உதாரணம் நினைவிருக்கும். புகை இருந்தால் தீ இருக்கும், சரி. தீ இருந்தால் புகை இருந்துதான் ஆகுமா? இரணைமடுக் கதையும் அதே சிக்கல்தான். அறிவாராய்ச்சியியல் என்று முதலாம் இரண்டாம் வருடத்தில் வரப்போகிற பாடத்தின் வாசலில் நீங்கள் ஏற்கனவே நிற்கிறீர்கள். டெக்கார்ட், லொக், ஹியூம் என்று ஐரோப்பிய மெய்யியலாளரின் புதுப் பெயர்கள் வரும்போது இதை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள்.

பாடங்களின் பட்டியல் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கிரேக்க மெய்யியல், டெக்கார்ட் முதல் கான்ட் வரையான நவீன மெய்யியல், இந்திய மெய்யியல், அளவையியல், ஒழுக்கவியல், அறிவாராய்ச்சியியல், பௌதிகவதீதம் (மெட்டாபிசிக்ஸ்), அழகியல், விஞ்ஞான மெய்யியல், பிறகு சமகாலத்தவர்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்பதுதான் இடத்துக்கிடம் வேறுபடும். என் தனிப்பட்ட அபிப்பிராயம், விஞ்ஞான மெய்யியல் விருப்பப் பாடமாக இருந்தாலும் விடாதீர்கள். விஞ்ஞானத்தைப் பற்றி எழுதிய மெய்யியலாளர்களான பொப்பரையும் கூனையும் வாசித்த பிறகு செய்தித்தாள் வாசிக்கிற விதமே மாறிவிடும்.

மொழிதான் உண்மையான கஷ்டம். விரிவுரையும் சோதனையும் தமிழில் இருக்கும், வாசிக்க வேண்டியதில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது பொய். பேராசிரியர் சோ. கிருஷ்ணராஜா போன்றவர்கள் மெய்யியலைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இந்தியப் புத்தகத்தை எடுத்தால் சொற்கள் வேறு. நாங்கள் மெய்யியல் என்பதை அவர்கள் தத்துவம் என்பார்கள். எங்கள் பௌதிகவதீதம் அங்கே மெய்ப்பொருளியல் அல்லது மீவியற்பியல், எங்கள் அளவையியல் அங்கே தருக்கவியல். இரண்டும் இரண்டு பாடம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் இருந்த பெடியனை எனக்குத் தெரியும் (நான்தான்). ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். எங்கள் சொல், இந்தியச் சொல், ஆங்கிலச் சொல். நான்கு வருடத்தில் அந்தக் கொப்பியைப் போல உதவுகிற புத்தகம் வேறு இராது. ஆங்கிலத்தில் தொடங்குவதற்கு ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். ஒரு கட்டுரையை முழுதாக வாசிக்க நினைக்காதீர்கள், முதல் இரண்டு பந்தியை அகராதியோடு வாசியுங்கள். முதலாம் வருடத்தில் இரண்டு பந்திக்கு ஒரு பின்னேரம் போகும். மூன்றாம் வருடத்தில் அதே பின்னேரத்தில் ஒரு கட்டுரை முடியும்.

கடைசி வருடத்தில் ஆய்வேடு. பொதுப் பட்டக்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை. ஆய்வுக்குக் கிரெடிட் கணக்கே வேறு, ஒரு கிரெடிட்டுக்கு ஆகக் குறைந்தது 100 மணித்தியாலம். ஆறு கிரெடிட் ஆய்வேடு என்றால் 600 மணித்தியாலம். பிள்ளைகள் இதில் தோற்பது எழுத்தில் இல்லை, தலைப்பில். "சைவசித்தாந்தமும் மேலைத்தேய மெய்யியலும்" என்று ஒரு தலைப்பை வருடாவருடம் யாராவது கொண்டுவருவார்கள். அதை எழுத ஒரு ஆயுள் போதாது. சித்தியார் காட்சி அளவையைப் பற்றிச் சொல்வதை எடுத்து, அதில் ஐயக்காட்சியை (இதுவோ அதுவோ என்று ஐயப்படுகிற காட்சியை) மட்டும் பார்க்கிறேன் என்றால் 600 மணித்தியாலத்துக்குள் ஏதாவது உருப்படியாக வரும். மூன்றாம் வருட முடிவிலேயே மேற்பார்வையாளரோடு கதைக்கத் தொடங்கினால் நல்லது.

என் சொந்த ஆய்வேட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஓகஸ்ட்டில் போரால் ஏ-9 பூட்டப்பட்டபோது நான் வீட்டுக்கு வந்திருந்தேன். இரண்டு நாளில் திரும்புவதாக நினைத்து வந்தவன் 2010இல்தான் திரும்பினேன். குறிப்புகள் ஒன்றும் மிஞ்சவில்லை. முதலாம் வருடத்திலிருந்து வந்த பெறுபேற்றுத் தாள்களின் பிரதிகளை அண்ணா ஒருவர் யாழ்ப்பாணத்தில் வைத்திருந்ததால் எந்த அலகு முடிந்தது, எது மிச்சம் என்று என்னால் காட்ட முடிந்தது. உங்கள் காலத்தில் அப்படியொன்று வராது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒவ்வொரு அரையாண்டும் பெறுபேறு, பதிவுப் பற்றுச்சீட்டு, மெடிக்கல் ஏற்றதற்கான கடிதம் எல்லாவற்றையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். முடிக்கிற நேரம் உங்கள் 120ஐ நீங்களே கூட்டிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேணும். கூட்டிப் பார்த்து ஒரு விருப்ப அலகு குறைகிறது என்று எட்டாம் அரையாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த பிள்ளை தப்பியது. முடிவில் கண்டுபிடித்த பிள்ளை இன்னொரு வருடம் இருந்தது.

அப்பாவுக்கு என்ன சொல்வது? அவர் கேட்பது மெய்யியலைப் பற்றி இல்லை, செலவைப் பற்றி. அதற்கு மரியாதை கொடுக்க வேணும். பட்டதாரி ஆசிரியர் நியமனமோ, பட்டம் கேட்கிற அரச போட்டிப் பரீட்சையோ, மூன்று வருடப் பட்டமும் பட்டம்தான். முதுமாணி செய்யவோ விரிவுரையாளராகவோ நினைத்தால் நான்கு வருடம்தான் நேர்வழி, பொதுப் பட்டக்காரர் இடையில் இன்னொரு படி ஏற வேண்டி வரும். அளவையியல் படிப்பிக்க ஆள் இல்லாத பாடசாலைகளை வன்னியில் எனக்குத் தெரியும், ஆனால் நான்கு வருடம் கழித்து வெற்றிடம் எப்படி இருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். நானும் சொல்லமாட்டேன்.

நல்ல காலம், இதை இப்போது வீட்டில் சண்டை பிடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. முதலாம் வருடத்தில் மூன்று வருடக்காரரும் நான்கு வருடக்காரரும் ஒரே மண்டபத்தில்தான் இருப்பார்கள். மெய்யியலை எடுங்கள், புவியியலையும் விடாமல் எடுங்கள். இரண்டிலும் பி-க்கு மேல் வைத்துக்கொண்டு பெறுபேறு வந்த பிறகு அப்பாவோடு கதையுங்கள்.